வழுக்கும் பக்கம்

கப்புக்காரர் பேப்பருக்கு முத்தம் கொடுத்துக்கொண்டிருந்தபோது அவர் மனைவி உள்ளே வந்துவிட்டாள்.

"கல்யாணமாகி இத்தனை வருஷத்துல எனக்குக்கூட இவ்வளவு பொறுமையா..." என்று ஆரம்பித்து, மீதியை முழுங்கிக்கொண்டு சாக்கைக் கட்டப் போனாள்.

"பேப்பர் எதிர்த்துப் பேசாது பாரு."

அது முத்தமில்லை. வாசல் அறையை அடைத்துக்கொண்டு நிற்கும் பேப்பர் கப் மெஷினுக்கு, விசிறி வடிவில் வெட்டிய தாள்களைக் கட்டுக்கட்டாக ஊட்ட வேண்டும். தாளின் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு. அந்தப் பக்கம் கப்புக்கு உள்ளே அமைந்தால்தான் சூட்டில் உருகி அடி ஒட்டும், ஊற்றினது நிற்கும். கண்ணுக்கு இரண்டு பக்கமும் ஒரே வெள்ளை. விரல்தான் சொல்ல வேண்டும்: ஒன்று வழுக்கும், மற்றது லேசாகப் பிடிக்கும். அவருடைய விரல்கள் கொஞ்ச நாளாக எதுவும் சொல்வதில்லை. சர்க்கரை நரம்பைத் தின்றுவிட்டது, போன உணர்ச்சி போனதுதான் என்றார் டாக்டர். டாக்டர் என்ன சொன்னார் என்று வீட்டில் கேட்டதற்கு, "என் அழகைப் பத்திதான் பேசிட்டிருந்தாரு" என்று சொல்லிவைத்தார். அன்றிலிருந்து கீழுதடுதான் அவருக்கு விரல்.

உதடும் குறை வைக்கவில்லை. கட்டுக்கு ஒரு தாளைப் பார்த்தால் போதும், மற்றதெல்லாம் அதே பக்கமாகத்தான் இருக்கும். கட்டு கீழே விழாதவரை.

நேற்று ஒரு கட்டு விழுந்தது. மனைவி கடைக்குப் போயிருந்தாள். அறை முழுக்கச் சிதறியதை அள்ளி, தட்டிச் சேர்த்து, மேல்தாளை மட்டும் உதட்டில் வைத்துப் பார்த்து ஏற்றிவிட்டார். ஒவ்வொன்றாகப் பார்த்திருக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாதா என்ன? ஆனால் ஒவ்வொன்றாக உதட்டில் வைக்கும்போது அவள் வந்து, ஏன் விரலால் பார்க்கவில்லை என்று கேட்டுவிட்டால்? தாள்களின் நல்ல மனசை நம்பினார். கப்புகள் விழுந்தன, மற்ற கப்புகளோடு கலந்தன, சாக்குக்குள் போயின.

இன்று ஆஸ்பத்திரி கேண்டீன்காரன் வந்து நின்றான். மிச்சமிருந்த ஒரே வாடிக்கை. விரலை நம்பி ஓட்டிய போன லோடைத் திருப்பி அனுப்பியவன்.

"போன தடவை ஒரு பேஷண்ட் மடியெல்லாம் டீ, அண்ணே. இன்னொரு தரம் ஒழுகிச்சுன்னா என்னையே வெளிய அனுப்பிடுவாங்க."

"இந்தக் கப்புல கண்ணீரைப் புடிச்சு வச்சாக்கூட வெளிய வராது தம்பி."

"எதுக்குப் பேச்சு?" என்று அவள் சாக்கைப் பிரித்து மூன்று கப்புகளை எடுத்தாள். புருஷன் வேலைமேல் அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை. கொதிக்கக் கொதிக்க டீ ஊற்றிக் கொடுத்தாள்.

அவர் மற்ற இருவரின் கப்புகளின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார். சொட்டு இல்லை. நிமிஷங்கள் போயின, இல்லவே இல்லை. நெஞ்சில் இருந்த பாரம் இறங்க, பழைய வாய் திரும்பிவிட்டது.

"இந்த மெஷினும் எங்க மாமியாரும் ஒண்ணு தம்பி. சூடேறினாத்தான் வேலை நடக்கும்."

வழக்கமாக இந்த இடத்தில் மனைவி, "எங்கம்மாவை விட்டா உங்களுக்கு வேற பேச்சே இல்ல" என்பாள். சொல்லவில்லை. கேண்டீன்காரனும் சிரிக்கவில்லை. இரண்டு பேரும் அவர் கையையே பார்த்தார்கள். ஜோக் புரியவில்லை போலிருக்கிறது என்று மறுபடி ஆரம்பித்தார்.

"சுடலையாங்க?" என்றாள் அவள்.

"எது?"

அப்புறம்தான் குனிந்து பார்த்தார். கப்பின் அடி பிளந்து, டீ விரல்களின் மேல் ஆவியோடு வழிந்து, மணிக்கட்டைத் தாண்டி, மடித்துவிட்ட சட்டைக் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. விரல்கள் சிவந்திருந்தன.

கேண்டீன்காரன் ஒழுகாத தன் கப்பை மெஷின்மேல் மெதுவாக வைத்தான். "வரேண்ணே" என்றான். சாக்குகளைத் தொடாமல் வெளியே போனான்.

அவள் அவர் கையைக் கொண்டுபோய்த் தண்ணீர் வாளிக்குள் அமிழ்த்தினாள்.

"கண்ணை மூடுங்க."

"என்ன, பரிசு கிரிசு வச்சிருக்கியா?"

"மூடுங்கன்னா."

மூடினார்.

"இப்ப எந்த விரலைப் புடிச்சிருக்கேன்?"

வெளியே கேண்டீன்காரனின் வண்டி கிளம்பியது. மெஷினின் சூடு அணையாமல் முனகிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் பெஞ்சுமேல் நின்றவர் மாதிரி யோசித்தார்.

"இன்னும் தொடலையே நீ," என்றார்.

அவள் பிடித்திருந்த விரலை விடவில்லை. கண்ணைத் திறக்காமல், அவள் தொடுவதற்காக அவர் காத்திருந்தார்.