அவிழ்த்துவிட ஓர் இடம்

நாய்க்கு மந்திரி என்று பெயர் வைத்தது மெக்கானிக்கின் மனைவிதான். எதையும் செய்யாமல் எல்லாவற்றையும் கவலையோடு பார்த்துக்கொண்டிருக்கும் முகம் அதற்கு. அந்த முகத்தை வைத்துக்கொண்டே தன் முன்னங்காலை நக்கி நக்கிப் புண்ணாக்கியிருந்தது. கால்நடை மருத்துவர் களிம்பு எழுதிக் கொடுத்துவிட்டு, "இதெல்லாம் சும்மா பேருக்குத்தான். இது ஓடணும். கயிறு இல்லாம மூச்சு வாங்க ஓடணும். மூணாவது மாடியில அடைச்சு வச்சா தன்னையேதான் கடிச்சுக்கும்" என்றார்.

மனைவியின் தம்பிக்கு ஊருக்கு வெளியே மதில் வைத்த தோட்டம் இருந்தது. நாயை நான் வளர்த்துக்கொள்கிறேன் என்று அவன் வாய் திறந்த நாளிலிருந்து மெக்கானிக்குக்கு மச்சானைக் கண்டாலே ஆகவில்லை. வீட்டில் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதில் ஒரு முடிவு வந்தது. ஞாயிற்றுக்கிழமைக்குள் மந்திரியை அவிழ்த்துவிட ஓர் இடம் அமைய வேண்டும். இல்லையென்றால் அன்று மதியம் தம்பி வண்டியோடு வருவான்.

இடத்துக்குப் பஞ்சமில்லை. மெக்கானிக்குக்குப் பிடித்த இடத்துக்குத்தான் பஞ்சம். லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், எதைப் பார்த்தாலும் இது எப்படி அறுந்து விழும் என்றுதான் முதலில் யோசிப்பார். ஏரிக்கரையில் கண்ணாடிச் சில்லு கிடந்தது. காட்டுப் பாதையில் சரிவு இருந்தது, பாம்பும் இருக்கலாம். பள்ளி மைதானத்தில் வேலிக்கு அடியில் ஒரு சின்னச் சந்து இருந்தது.

"அதுல பூனைதான் நுழையும்" என்றாள் மனைவி.

"பூனை நுழைஞ்சா இது பின்னாலயே போகும்."

"மந்திரிக்கு அதுல தலைகூட நுழையாதுங்க."

"தலை மட்டும் நுழைஞ்சு மாட்டிக்கிட்டா?"

மனைவி வானத்தைப் பார்த்தாள். "உங்களுக்குப் பிடிச்ச இடம் நிலாவுலதான் இருக்கும்."

"அங்க ஒரே பள்ளம்" என்றார் அவர், சிரிக்காமல்.

இப்படியே ஒவ்வோர் இடத்துக்கும் மந்திரி கயிற்றோடு போய்க் கயிற்றோடு திரும்பியது. அந்த நாய் மேல் அவருக்கு உயிர். அதை யாரிடமும் சொல்லாமல், வேலிகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியில் அவர் லிஃப்ட் பார்க்கும் சரக்குக் கிடங்கு ஒன்றின் பின்பக்கத் திடல் கிடைத்தது. நாலு பக்கமும் கம்பி வலை, ஒரே ஒரு கதவு. விடுமுறை நாளில் ஈ காக்கை இருக்காது. மேலாளர் சாவியைக் கொடுத்தார். சனிக்கிழமை முழுக்க மெக்கானிக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு வலையைச் சுற்றி வந்தார். தளர்ந்த இடத்தைக் கம்பி போட்டு முறுக்கினார், பள்ளத்தை மண் போட்டு மூடினார், ஆணிகளைப் பொறுக்கினார். மாலையில் முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நாளைக்குப் போலாம்" என்றார். மனைவிக்கு நம்பவே முடியவில்லை.

ஞாயிறு காலை திடலின் நடுவில் வைத்துக் கொக்கியைக் கழற்றினார். மந்திரி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. கழுத்தை ஒரு முறை உதறிப் பார்த்தது. பிறகு கிளம்பியது பாருங்கள், அந்தக் கவலை முகத்துக்குள் இவ்வளவு ஓட்டம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை. காது பின்னால் பறக்க, வயிறு தரையைத் தொட, ஒரு சுற்று, இரண்டு சுற்று. மனைவி கைதட்டினாள். அடுத்த சுற்றில் அது வளையவில்லை. நேராகக் கதவு வழியாக வெளியே போய்விட்டது.

கதவு விரியத் திறந்து கிடந்தது. மூடிக்கொள்ளாதபடி அதன் அடியில் ஒரு கல். வைத்தது வேறு யாருமல்ல, மெக்கானிக்கேதான். லிஃப்ட் வேலையில் கதவு திறந்திருக்கும் வரை பெட்டி நகராது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவன் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் இறங்குவான். இத்தனை வருடமாக அவர் உயிரைக் காப்பாற்றிய பழக்கம் அது. கால் தானாகக் கல்லைத் தள்ளிவிட்டிருக்கிறது, அவருக்கே தெரியாமல்.

வெளியே சின்னச் சந்து. சந்து முடிந்தால் லாரிகள் போகும் சாலை. மந்திரி பாதிச் சந்தில் நின்று திரும்பிப் பார்த்தது. அவர் ஓர் எட்டு வைத்தார். அது துள்ளிச் சாலைப் பக்கம் நகர்ந்தது. "மந்திரி!" என்று கத்திக்கொண்டு ஓடினார், அது இன்னும் குஷியாகி இன்னும் தள்ளிப் போனது. லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு கடந்தது.

"துரத்தாதீங்க!" என்று அலறினாள் மனைவி. "விளையாட்டுன்னு நினைச்சுக்கிட்டிருக்கு. திரும்பி இந்தப் பக்கம் ஓடி வாங்க!"

"அதை விட்டுட்டா?"

"விட்டுட்டுத்தான்! அது உங்களைத் துரத்தட்டும். ஓடுங்கன்னா!"

 ஆபத்து இருக்கும் பக்கம் முதுகைக் காட்டுவது அவர் ஆயுளில் செய்யாத காரியம். ஆனாலும் திரும்பினார். முட்டி வலிக்க, செருப்பு ஒன்று கழன்று போக, திடலுக்குள் தலைதெறிக்க ஓடினார். பின்னால் ஹாரன் சத்தம் இன்னொரு முறை கேட்டது. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுவோம் என்று தெரிந்ததால் பார்க்கவில்லை.

அப்புறம்தான் அந்த மூச்சு கேட்டது. மந்திரி அவரை உரசிக்கொண்டு முந்தியது. மனைவி கல்லை உதைத்துத் தள்ளிக் கதவைச் சாத்தித் தாழ்போட்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். நாய் வந்து முகத்தை நக்கியது. பையிலிருந்து கயிற்றை எடுத்தார். கயிற்றைப் பார்த்ததும் மந்திரியின் வால் நின்றது. முகம் பழையபடி ஆனது. யாரும் சொல்லாமலே அவர் முன்னால் வந்து கழுத்தைத் தாழ்த்திக் காட்டியது.

நல்ல நாய், சொன்னபடி கேட்கும் என்று தினமும் பெருமைப்பட்ட அதே தலைகுனிவு. இப்போது அவரால் அதைப் பார்க்க முடியவில்லை.

"கட்டிட்டீங்கன்னா தம்பியைச் சீக்கிரமே வரச் சொல்லிடறேன்" என்றாள் மனைவி. குத்திச் சொல்லவில்லை, நிஜமாகத்தான் சொன்னாள்.

"பயமா இருக்குடி" என்றார். கல்யாணமான நாளிலிருந்து அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் கேட்டதில்லை.

அவள் பக்கத்தில் வந்து அவர் கையிலிருந்த கயிற்றை வாங்கிக்கொண்டாள். "எனக்கும்தான். கதவுகிட்ட நான் நிக்கறேன். நீங்க எழுந்து ஓடுங்க."