கால் நீட்ட இடம்

சுலைஹா புருஷனின் முழங்காலை அழுத்தி மறுபடியும் நீட்டிப் பார்த்தாள். பாதம் பலகைச் சுவரில் இடித்து நின்றது. விடியற்காலை சுபுஹுத் தொழுகை நேரத்தில் சிக்கந்தரின் உயிர் பிரிந்திருந்தது. உடம்பு விறைப்பதற்குள் காலை நேராக்கிப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியாக வேண்டும். திருப்பிப் போடவும் வழியில்லை; அந்த வாக்கில் அறை இன்னும் குறுகல்.

நாலு வருஷத்துக்கு முன்பு இது முழு அறை. சூலியா தெருவுக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டை மொத்தமாகக் குத்தகைக்கு எடுத்து, அறை அறையாக விடுபவர் ஷேக் அலாவுதீன். ஊரிலிருந்து கப்பல் கப்பலாக ஆள் பிழைக்க வந்து இறங்குவதைப் பார்த்தவர், நடுவில் பலகை அடித்து மறுபாதியைப் புஷ்பவள்ளிக்கு விட்டார். அறை பாதியானது, வாடகை பாதியாகவில்லை. போன வருஷம் துறைமுகத்தில் சிக்கந்தரின் கூலியைக் குறைத்தார்கள். வாடகை அதற்கும் அசையவில்லை. சிக்கந்தர் நல்ல உயரம். "நெட்டையாப் பொறந்தது என் குத்தம்தான்" என்று சிரித்துவிட்டு, நாலு வருஷமும் காலை மடக்கியே தூங்கினார். அந்தச் சிரிப்பை நினைத்தபோது சுலைஹாவுக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

விறகுக் கோடாலியை எடுத்தாள். பலகை இடுக்கில் கொடுத்து நெம்பினாள்.

"என்னக்கா சத்தம்?" அந்தப் பக்கமிருந்து புஷ்பவள்ளி கேட்டாள்.

"அவுக போயிட்டாக, புஷ்பம். கால நீட்ட எடமில்ல."

அந்தப் பக்கம் சாமான்களை நகர்த்தும் சத்தம் கேட்டது. பிறகு, "தள்ளி நில்லுங்க. நான் இங்கேருந்து தள்ளுறேன்" என்றாள்.

ஆறு பலகைகள் விழுந்தன. சிக்கந்தரின் பாதங்கள் புஷ்பவள்ளியின் பாய்வரை போயின. அவள் பாயைச் சுருட்டிக்கொண்டாள்.

அலாவுதீன் வந்தபோது, குளிப்பாட்ட வந்தவர்கள் வாசலில் நின்றிருந்தார்கள்.

"மவுத்து வீட்டுல எதுவும் பேசக்கூடாதுன்னு பாக்குறேன், தங்கச்சி. மையத்த எடுத்ததும் பலகைய அடிச்சிருவேன்."

சுலைஹா அவரை விட்டுவிட்டு, அடக்கத்தலத்திலிருந்து திரும்பியிருந்த கொழுந்தன் கமாலைப் பார்த்தாள். "குழி ஆச்சா தம்பி?"

"வெட்டுறாங்க மதினி. உள்ள மையத்துக்கு மேல சாத்தப் பலகைதான் இல்ல. பாசாருக்குப் போய் வாங்கணும்."

"எதுக்குப் போகணும்? இந்தா கெடக்கே."

"அது என் பலகைலா" என்றார் அலாவுதீன்.

"முழு அறை வாடகையக் குடுத்துட்டு நாலு வருஷம் முடங்கிப் படுத்தாக. பலகை அவுகளதுதான். இல்லேன்னா, இத்தன பேருக்கு முன்னால நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்கண்ணே."

வாசலில் நின்றவர்கள் அலாவுதீனைப் பார்த்தார்கள். அவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். "வேற பலகை வாங்கி அடிப்பேன்" என்றார், குரலை இறக்கி.

"அடிங்க. கோடாலி இங்கதான் இருக்கு."

மையத்தைச் சுமந்த சந்தூக் முன்னால் போயிற்று. கமால் பலகைகளைக் கயிற்றால் கட்டித் தோளில் வைத்துக்கொண்டு பின்னால் நடந்தான். சுலைஹா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். ஒரு பலகையில், சிக்கந்தரின் பாதம் பட்டுப் பட்டு, ஓரிடம் மட்டும் கறுத்து வழவழத்திருந்தது. தெரு முனை திரும்பும்வரை அது தெரிந்தது.

பிற்பகலில் புஷ்பவள்ளி கஞ்சியோடு வந்தாள். கதவு வழியாக வரவேண்டியிருக்கவில்லை. சுலைஹா முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கால நீட்டி உக்காருங்கக்கா."

சுலைஹா மெல்ல நீட்டினாள். பாதத்தில் எதுவும் இடிக்கவில்லை.