மூன்றாவது பொட்டலம்

வேலப்பர் கோயில் தூணுக்கு அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, அப்பா முருகவேல் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தார். சுசித்ரா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு அம்மாவின் தோளைப் பிடித்து நின்றாள். வயது பன்னிரண்டு. ஊசி மருந்தில் முடி கொட்டிய தலையில் கம்பளிக் குல்லாய்.

சாமியிடம் உத்தரவுக்குப் பூக்கேட்பதில் எல்லாமே கட்டுவதில்தான் இருக்கிறது. ஒரே வாழையிலையில் கிழித்த இரண்டு துண்டு. ஒன்றில் வெள்ளைச் செவ்வந்தி, மற்றதில் சிவப்பு ரோஜா. ரோஜாவில் முள்ளும் காம்பும் போக வேண்டும். செவ்வந்தி புடைத்தால் இதழைக் கிள்ளிக் குறைக்க வேண்டும். நூல் ஒரே சுற்று, ஒரே முடிச்சு. கைக்கு வித்தியாசம் தெரிந்தால் அது சாமி சொன்னதாகாது. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் வைத்து, இடம் மாற்றித் தட்டில் கொண்டுவருவார். பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் ஆஸ்பத்திரியில் சுசித்ராவின் காலை எடுப்பது. சிவப்பு வந்தால் அடிவாரத்து வைத்தியரிடம் எண்ணெய்க் கட்டு.

மதுரையில் டாக்டரம்மா தாளில் தொடை எலும்பை வரைந்து அவளிடமே விளக்கியிருந்தார். எலும்பு நுனியில்தான் வளரும். அந்த நுனியைத்தான் புற்றுக்கட்டி பிடித்திருக்கிறது. இப்போது முட்டிக்கு மேலோடு நிற்கிறது. விட்டால் ரத்தத்தில் ஏறி நுரையீரலுக்குப் போகும். அப்புறம் காலை வெட்டியும் பயனில்லை.

"கட்டைக்கால் வச்சா எங்க பூண்டுக் காட்டுப் படியில ஏற முடியுமா?" என்று கேட்டாள் சுசித்ரா.

"ஏறலாம். மெதுவா."

"அப்ப எடுத்துருங்க."

டாக்டரம்மா அப்பாவைப் பார்த்தார். "பிள்ளை சொல்லிட்டா. கையெழுத்து மட்டும் நீங்க போடணும். புதன்கிழமை தாண்டக்கூடாது."

ஊர் திரும்பும் பூம்பாறை பஸ்ஸில் அப்பா சொன்னார்: "அவளயும் கேக்கணுமாம்ல. கேப்போம். சாமி முன்னால கேப்போம்."

"அதான் சொல்லிட்டாளே," என்றாள் அம்மா அன்னக்கொடி.

"ஒத்தக்கால் பொட்டப்பிள்ளய எவன் கட்டுவான்? நீ கட்டி வச்சுருவியா?"

முதல் தட்டு வந்தபோதே சுசித்ராவுக்குத் தெரிந்துவிட்டது. இலையைத் தாண்டிச் செவ்வந்தியின் கசப்பு வாசம். மருந்து ஏறியதிலிருந்து எந்த வாசமும் அவளுக்கு இரண்டு மடங்கு. அப்பாவுக்கு அது எட்டாது; நாற்பது வருடப் பூண்டு அவர் மூக்கிலேயே குடியிருந்தது. கும்பிடுவதுபோல் குனிந்து மோந்து எடுத்தாள். வெள்ளை.

"பிள்ளைக்குக் கை தவறிருச்சு. இன்னொருக்காக் கேப்போம்," என்றார் அப்பா.

மறுபடியும் வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதாள்.

"மூணாவதுதான் கணக்கு."

பூசாரி சிரித்தார். "என்ன முருகவேலு, சாமிகிட்டயே பேரம் பேசுற?"

இந்த முறை அப்பா கட்டி முடிக்க நேரமானது. தட்டு வந்தது. சுசித்ரா குனிந்தாள். ரோஜா. அடுத்ததிலும் ரோஜா. மறுபடி மோந்தாள். கசப்பு இருந்தது, ஆனால் தட்டில் இல்லை.

"எடு ஆத்தா," என்றாள் அம்மா. "இதுவும் வெள்ளைதான் வரும் பாரு."

"ரெண்டுமே சிவப்புப்பா."

பூசாரியின் சிரிப்பு நின்றது. அப்பா குரலை உயர்த்தவில்லை.

"கட்டிக் கெடக்கிற பொட்டலம். உனக்கு எப்பிடித்தா தெரியும்?"

எப்படி என்று சொன்னால் முதல் இரண்டு வெள்ளையும் சாமி கொடுத்ததாகாது. பூசாரி அவளைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள், தன் தோளிலிருந்த மகள் கையை மெல்ல எடுத்துவிட்டு.

சுசித்ரா ஒற்றைக் காலில் தடுமாறித் தட்டின் விளிம்பைப் பிடித்தாள். அப்பாவின் வலக்கை மூடியே இருந்தது. விரலிடுக்கில் ஒரு வெள்ளை இதழ் நசுங்கிக்கொண்டிருந்தது.