முதலாளி கையால் திறந்த ஃபோல்டர்

அருப்புக்கோட்டையில் தங்கசாமி முதலாளியின் நூல் மில்லுக்கு சர்வர் வந்தது தொண்ணூற்றெட்டுக் கடைசியில். அது யுனிக்ஸ், மேசைகளில் இருந்ததெல்லாம் விண்டோஸ். இரண்டையும் ஒன்றாகக் குடித்தனம் நடத்த வைக்கத்தான் திருச்சுழியிலிருந்து தினமும் பஸ் ஏறி வந்தாள் அமுதவள்ளி. மூன்று மாதத் தற்காலிக வேலை. களையெடுத்துக் கை காய்த்துப்போன அம்மா, மகளுக்கு மில்லில் ஆபீஸ் வேலை என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

பொங்கல் லீவு முடிந்த காலையில் வந்தது வினை. நூலின் பலத்தைச் சோதித்து எழுதிய ரிப்போர்ட்டைத் தை மாதத்துப் புது ஃபோல்டரில் சேமிக்கப் போனால், அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர். ரிப்போர்ட் இல்லாமல் தூத்துக்குடி லாரி கிளம்பாது. மேனேஜர் உக்கிரபாண்டி குதியோ குதியென்று குதித்தார்.

"பன்னெண்டு மணிக்குள்ள சரியாகலேன்னா ஒன்னைய வீட்டுக்கு அனுப்பிருவேன். நாங்க நோட்டுலயே எழுதிக்கிறோம்."

அமுதவள்ளி ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தாள். சர்வர் வந்தபோதே போட்டிருந்த பழைய ஃபோல்டரில் எழுத முடிந்தது. புதியதைப் படிக்க மட்டுமே முடிந்தது. சர்வரில் பார்த்தால், புதியதற்குச் சொந்தக்காரர் முதலாளி. எழுதும் உரிமையும் அவர் ஒருவருக்கே.

"இத யாரு தெறந்தது?"

"முதலாளிதான்," என்றாள் நூல் சோதிக்கும் லேபில் வேலை பார்க்கும் மாரிக்கனி. "நல்ல நேரம் பாத்து, திரையில சந்தனம் வச்சு, அவுக கையால தெறந்தாக. நோட்டுக் காலத்துலருந்தே மாசாமாசம் அப்படித்தான்."

நல்ல கூத்து! இதை அவரிடம் யார் போய்ச் சொல்வது? மதுரையில் சர்வர் விற்றவரோ, எல்லாருக்கும் திறந்துவிடச் சொன்னார் போனில். அப்புறம் போகிறவன் வருகிறவனெல்லாம் ரிப்போர்ட்டை அழிக்கலாம். அமுதவள்ளிக்கு மனம் ஒப்பவில்லை. முதலாளி அறைக்கே போய் உள்ளதைச் சொன்னாள். அவர் முகம் சுண்டிப்போனது.

"எங் கை ராசியில்லங்கிறியா?"

"ஐயா, ராசியான கைதான். ஒங்க பேருலயே இருக்கட்டும். வேல செய்றவுகள ஒரு குழுவாச் சேத்து, அவுகளும் எழுதலாம்னு போட்டுருவோம். அடுத்த மாசம் நீங்க தெறக்கிறதும் அப்படியே வரும்."

எழுந்து வந்தார். சர்வர் பாஸ்வேர்டைத் துண்டால் மறைத்துக்கொண்டு ஒற்றை விரலால் தட்டினார். அவள் குழுவை உண்டாக்கிப் பெயர்களைச் சேர்த்தாள். மாரிக்கனி சேமித்துப் பார்த்தாள், ஏறிக்கொண்டது. பிரிண்டர் கிறீச்சிட்டதும் லாரி டிரைவர் பீடியை எறிந்துவிட்டு எழுந்தார்.

முதலாளி திரையில் விரல் வைத்துப் பெயர்களை வாசித்தார். "ஒம்பேரு எங்க?"

"நான் தற்காலிகம்தானய்யா. இதுல நிரந்தர ஆளுக மட்டுந்தான்."

அவர் உக்கிரபாண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அடுத்த மாசம் நான் தெறந்து, மறுபடி பூட்டிக்கிட்டா நீங்களா வந்து பாப்பீக?" பிறகு அவளிடம் சொன்னார்: "ஒம்பேரையும் போடு தாயி. சாயங்காலம் நிரந்தர வேலைக்கு ஆர்டர வாங்கிட்டுப் போ."

அமுதவள்ளி தன் பெயரைத் தட்டினாள். அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக விழுந்தது. மூன்றாம் தரம்தான் சரியாக வந்தது.