நாலு குரலுக்கு ஒரு மைக்

பாட்டில் பெரிய பாடகி மூச்சு வாங்கும் இடங்களில் பின்னாலிருந்து ஒரு கூட்டம் வந்து இரண்டு வரி பாடிவிட்டுப் போகுமே, அந்தக் கூட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் நின்றவள் அவள். ஸ்டுடியோவில் கோரஸ்காரர்களின் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் பொழுதில்லை. வரிசையில் மூன்றாவதாக நிற்பதால் அவள் மூணாவது. முதலில் நிற்பவர் வயதில் மூத்தவர் என்பதால் எல்லோருக்கும் அக்கா. இரண்டாவது நெட்டை. நாலாவது தும்மல், டேக் நன்றாகப் போகிறதே என்று நினைக்கும் நேரம் பார்த்துத் தும்மித் தொலைப்பாள். கோரஸில் ஒரு குரல் தனியாகத் தெரிந்தால் அது குற்றம். "மூணாவது, நீங்க மட்டும் வெளிய கேக்கறீங்க" என்று கண்ணாடிக்குப் பின்னாலிருந்து சத்தம் வரும். அவள் அரை அடி பின்னால் நகர்ந்துகொள்வாள்.

அப்புறம் கம்ப்யூட்டர் வந்தது. பொத்தானை அமுக்கினால் நாற்பது பேர் பாடினார்கள், அதில் ஒருத்தருக்கும் தும்மல் வரவில்லை. நாலு பேரும் திசைக்கொருவராகப் போனார்கள். அக்கா மூட்டுவலியோடு மகன் வீட்டுக்கு, நெட்டை மகளின் பிரசவத்துக்கென்று போய் அங்கேயே, தும்மல் படுத்த படுக்கையான மாமியாரின் கட்டிலோரம். மூணாவது தனிக்கட்டை. போக இடமில்லாததால் இருந்த இடத்திலேயே இருந்தாள். பல் டாக்டர் ஒருவரின் கிளினிக்கில் டோக்கன் கூப்பிடும் வேலை கிடைத்தது. பகல் முழுக்க "அடுத்தவங்க வாங்க" என்பாள். வீட்டுக்கு வந்தால் அதைச் சொல்லக்கூட ஆளில்லை.

அந்தக் கிளினிக்குக்குத்தான் போன வாரம் பழைய இசையமைப்பாளர் ஒருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். பல்லைப் பிடுங்கி, வாய் பாதி மரத்துப்போய், எழுந்து ஓட முடியாமல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரிடம் நாலு பேருக்கும் பாட்டுக் கேட்காமல் அவள் விடவில்லை.

"எனக்கும் அந்த மிஷின் கோரஸ் அலுத்துப்போச்சும்மா" என்றார் அவர், பஞ்சைக் கடித்துக்கொண்டே. "ஒரு வரி அனுப்பறேன். ஞாயித்துக்கிழமை சாயங்காலத்துக்குள்ள வீட்லயே பாடி அனுப்புங்க. நல்லா இருந்தா உங்க நாலு பேரையும் கூப்பிடறேன்."

நாலு பேரையும். அவளுக்கு அந்த வார்த்தை போதுமாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அவளுக்குப் பாட்டுகூட அவ்வளவாக வேண்டியிருக்கவில்லை. பாட்டுக்கு முன்னால் ஸ்டுடியோ பெஞ்சில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது வேண்டும். நெட்டையின் தலை மறைக்கிறது என்று தும்மல் சண்டை போடுவது வேண்டும். சாப்பிட்டியா என்று யாராவது ஒருத்தர் கேட்பது வேண்டும்.

அன்றே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"இந்த முட்டிய வெச்சுக்கிட்டு ஒரு வரிக்காக நான் பஸ் ஏற முடியுமா?" என்றார் அக்கா. "நாலையும் நீயே பாடி அனுப்பு. நாலு பேரும் சேர்ந்து பாடினோம்னு சொல்லிடு, நீ மட்டும் பாடினேன்னு வாயத் திறக்காத. வேலை கிடைக்கட்டும், தவழ்ந்தாவது வந்துடறேன்."

அப்படித்தான் அந்த மைக் வீட்டுக்குள் வந்தது. வீட்டிலிருந்த பழைய கம்ப்யூட்டரில் நேராகச் சொருகும் சாதி, கடையில் இருந்ததிலேயே சல்லிசானது. ஞாயிற்றுக்கிழமை காலை மேஜைமேல் நிற்க வைத்து, அதன் தலைக்கு மேல் வாயை வைத்துப் பாடினாள். கேட்டால் கிணற்றுக்குள் விழுந்தவள் கூப்பிடுவதுபோல இருந்தது. பெட்டியில் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தாள். இந்த மைக்குக்கு உச்சந்தலையில் காது கிடையாதாம். கம்பெனி முத்திரை இருக்கும் பக்கம்தான் முகமாம். இருபத்திரண்டு வருஷம் மைக் முன்னால் நின்றவளுக்கு அதன் முகம் எது என்று தெரியவில்லை. ஸ்டுடியோவில் அதையெல்லாம் வேறு ஆள் பார்த்துக்கொள்வார், இவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்பார்கள்.

முகத்தைத் திருப்பி வைத்தும் விடிவு வரவில்லை. பழக்கதோஷத்தில் நாலடி தள்ளி நின்றாள். அவள் குரலைவிட அறைதான் அதிகம் பாடியது. ஃபேனை நிறுத்தினாள். ஃப்ரிட்ஜ் உறுமியது, அதன் வயரையும் பிடுங்கினாள். பீரோவின் இரண்டு கதவையும் திறந்து, தொங்கும் புடவைகளுக்கு எதிரே மைக்கை வைத்து, முதுகுக்குப் பின்னால் இரண்டு நாற்காலிகளில் கம்பளியைப் போர்த்தினாள். "ப" வரும்போதெல்லாம் காற்று மோதிப் படபடத்தது. எம்பிராய்டரி வளையத்தில் பழைய நைலான் சாக்ஸை இழுத்துக் கட்டிக் குறுக்கே நிறுத்தினாள். கடைசியாக ஒரு சாண் தூரத்துக்கு வந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, மெதுவாக ஒரு ஸ்வரம் பிடித்தாள்.

காதுக்குள் யாரோ பாடினார்கள். அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஐம்பத்தாறு வயதில் தன் குரலை இவ்வளவு தெளிவாகத் தனியாகக் கேட்பது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் கரகரப்பு, கொஞ்சம் தித்திப்பு, பரவாயில்லாத குரல். இது இத்தனை நாள் எங்கே இருந்தது என்று நினைத்ததும் அழுகை வந்தது. அழுதால் தொண்டை கட்டிவிடும் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

வரி சுலபமானதுதான். "ஈசல் பறக்கும் சாயங்காலம்." நாலு தடவை பாடி, நாலையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் கேட்டாள். "ஈ...அல் பறக்கும் ஆயங்காலம்" என்று வந்தது. மைக்கில்தான் கோளாறு என்று அதன் குமிழைத் திருகிப் பார்த்தாள். நாலு தடவை கேட்ட பிறகுதான் உறைத்தது. கோரஸில் நாலு பேரும் "ச" சொன்னால் பாம்பு சீறுவதுபோல ஆகிவிடும். அதனால் அந்த எழுத்தைச் சொல்வது அக்காவின் வேலை. மற்ற மூவரும் வாயை மட்டும் அசைத்து அதை முழுங்கிவிட வேண்டும். மூணாவது நாலு தடவையும் முழுங்கியிருந்தாள். அக்கா சொல்லிக்கொள்வார் என்று அவள் நாக்கு நம்பியிருந்தது. அக்கா மூன்று மணி நேரப் பயணத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

சரி, அக்காவாகவே பாடிவிடுவோம் என்று முதல் இடத்துக்கு நகர்ந்து நின்றாள். மோவாயைத் தூக்கி, மூக்கில் கொஞ்சம் வைத்து, "ச"வை நறுக்கென்று வெட்டினாள். அச்சு அசல் அக்கா. அடுத்து நெட்டை: நாற்காலிமேல் ஏறி நின்று, அவசரக்குடுக்கையாக ஒரு நூல் முன்னால் எடுத்தாள். தும்மலுக்கு, வரி முடியும் முன்பே குரலை விட்டுவிட்டாள். எந்த நேரம் தும்முவோமோ என்ற பயத்தில் அவள் அப்படித்தான் விடுவாள். கடைசியாகத் தன் இடத்தில் நின்று தன்னைப் பாடினாள். நாலையும் சேர்த்து ஓடவிட்டு, கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று பேரும் வந்து பக்கத்தில் நின்றார்கள். பதினொரு விநாடி நின்றார்கள். திரும்பத் திரும்ப ஓடவிட்டு, மத்தியானச் சாப்பாட்டை மறந்தாள்.

மூன்று மணிக்கு அனுப்பினாள். "நாலு பேரும் பாடியது" என்று ஒரு வரி சேர்த்தாள். அரை மணியில் போன் வந்தது.

"அம்மா, பிரமாதம்" என்றார் இசையமைப்பாளர். "நாலும் நாலு தினுசு. ஒருத்தர் முந்தறார், ஒருத்தர் விட்டுடறார், மனுஷங்க பாடற மாதிரி இருக்கு. அந்த முதல் குரல் இருக்கே, 'ச'வ அப்படி வெட்டுதே, அது யாரு?"

நன்றி சார் என்று சொல்லிப் போனை வைத்திருக்கலாம். அக்கா படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரே ஒருவராவது "அது யாரு" என்று கேட்டிருந்தால் அவளும் வைத்திருப்பாள்.

"நாலும் நான்தான் சார்" என்றாள்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர்தான், சந்தோஷமாகத்தான் சிரித்தார். "நிஜமாவா? அப்ப வேலை மிச்சம். எதுக்கு நாலு பேரக் கூப்பிட்டு, ஸ்டுடியோவும் பிடிச்சுக்கிட்டு? நான் ட்யூன் அனுப்பிடறேன், நீங்க வீட்லயே பாடி அனுப்பிடுங்க. இனிமே எல்லாப் பாட்டுக்கும் நீங்கதான்."

"அவங்களும் வந்தா இன்னும் நல்லா இருக்கும் சார்."

"இதுக்கு மேல என்னம்மா நல்லா இருக்கணும்?"

நன்றாக ஆக்கி வைத்தவள் அவளேதான். காலையிலிருந்து மாங்கு மாங்கென்று உழைத்து, மூன்று பேரும் வேண்டாம் என்பதை அவள் கையாலேயே நிரூபித்திருந்தாள்.

போனை வைத்த கையோடு அக்கா கூப்பிட்டார்.

"என்ன சொன்னார்? நெட்டையும் தும்மலும் நிமிஷத்துக்கு ஒரு தடவை கேட்டு என் உயிரை எடுக்கறாளுங்க. நான் பஸ் டைம்கூடப் பாத்துட்டேன்."

மூணாவது பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அக்காவிடம் அவளுக்குப் பொய் வராது. நடந்ததை நடந்தபடி சொல்லி முடித்தாள். திட்டு விழும் என்று காத்திருந்தாள். விழுந்தால் தேவலை என்று இருந்தது.

அந்தப் பக்கம் மகன் வீட்டு டிவியின் சத்தம் குறைந்தது.

"என்னை மாதிரி பாடினேன்னியே" என்றார் அக்கா. "அது நல்லா வந்துச்சா?"

"அதைத்தான்க்கா அவர் முதல்ல கேட்டார். யாரு அதுன்னு."

"யாருன்னு சொன்னே?"

"நான்னு சொல்லிட்டேன்க்கா."

"சரி, விடு" என்றார் அக்கா. "நீ சாப்பிட்டியா?"