கப்பல் நிற்கும் ஊரின் நேரம்

கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கடிகாரங்களிலேயே பெரியதைத்தான் அவன் கேட்டான். கடைக்காரர் அதை எடுத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் ஒரு துணியின் மேல் வைத்துத் திருப்பிக் காட்டினார்.

“திசை காட்டும் சார். மலை ஏறினா எவ்வளவு உயரம்னு சொல்லும். தண்ணிக்குள்ள குதிச்சாலும் ஒண்ணும் ஆகாது. சின்னதா டார்ச் இருக்கு. உலகத்துல எந்த ஊர் நேரம் வேணும்னாலும் ஒரே பட்டன்.”

கூட வந்திருந்த அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். “இவன் ரொட்டி வண்டி ஓட்டுறவன். எந்த மலை ஏறப் போறான்? நீச்சலும் தெரியாது. அது சரி, இது மணி காட்டுமா?”

கடைக்காரர் சிரித்துக்கொண்டே தோல் வார் போட்ட மெல்லிய கடிகாரம் ஒன்றை எடுத்து வைத்தார். அக்காவுக்குப் பிடித்துவிட்டது. “பாக்க மரியாதையா இருக்குடா. உன் வயசுக்கும் ஏத்தது.”

நாற்பதைத் தாண்டியவனுக்கு அந்த வார்த்தைதான் சுருக்கென்றது. பெரியதையே கட்டிக்கொண்டான். அது மறைந்துவிடாதபடி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கடைப்படி இறங்கினான்.

அவன் தினமும் விடிந்ததும் ரொட்டி இறக்கும் இடங்களில் ஒரு மருத்துவமனை கேன்டீனும் உண்டு. அங்கே பொறுப்பில் இருந்த பெண் தட்டுகளைப் பார்ப்பாள், ரொட்டியை விரலால் அமுக்கிப் பார்ப்பாள், அவனை மட்டும் பார்த்ததில்லை. “ரொட்டி வந்தாச்சா?” என்பாள், ரொட்டி தானே நடந்து வந்ததுபோல. ஒருநாள் பால் பொங்கி வழிந்து அடுப்பே அணைந்துபோனது. திட்டு விழப்போகிறது என்று சமையல்காரர் நடுங்கி நிற்க, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனோடு வண்டியில் ஏறிக்கொண்டது. எந்த நிறுத்தத்திலும் இறங்குவதாக இல்லை. ஒரே ஒரு தடவை அவள் நிமிர்ந்து பார்க்க வேண்டும், அதற்கு என்ன வழி என்று யோசித்து யோசித்துத்தான் அந்தக் கடிகாரக் கடைக்குப் போனான்.

மறுநாள் தட்டை மேடைமேல் வைக்கும்போது, கை தவறிப் பட்டதுபோல் டார்ச்சை எரியவிட்டான்.

அவள் நிமிர்ந்தாள். “இதென்ன, கையில டிவி கட்டிட்டு வந்திருக்கீங்க?”

ஒருவாறு திசை, உயரம், ஊர்நேரம் என்று கடைக்காரர் சொன்னதையெல்லாம் ஒப்பித்தான். அவள் ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள். “எந்த ஊர் நேரமும் தெரியுமா?”

“எந்த ஊர் வேணும், சொல்லுங்க.”

அவள் ஏதோ ஒரு தூரத்துத் துறைமுகத்தின் பெயரைச் சொன்னாள். “எங்க வீட்டுக்காரர் கப்பல்ல சமையல்காரர். இப்ப கப்பல் அங்கதான் நிக்குது. இங்க கேன்டீனுக்குள்ள ஃபோன் கொண்டுவரக் கூடாது. அவர் எந்திரிச்சிருப்பாரா, தூங்குவாரான்னு நாள் பூரா மனசு அதுலயே கிடக்கு.”

அவன் பட்டனை அழுத்தினான். “அங்க இன்னும் ராத்திரி.”

“அப்ப தூங்குறார்,” என்றாள் அவள், எழுப்பிவிடக் கூடாதே என்பதுபோல் குரலைத் தாழ்த்தி. “ரொம்ப தேங்க்ஸ்ணே.”

அண்ணே! நேற்றுவரை ரொட்டியாக இருந்தவன் அண்ணனாகிவிட்டான். பதவி உயர்வுதான். ஆனால் வண்டியைக் கிளப்பியவன் அடுத்த நிறுத்தத்தைத் தாண்டிப் போய், திரும்பி வர வேண்டியதாயிற்று.

அதன் பிறகு தினமும் அவள் கேட்டாள். கப்பல் ஊர் ஊராகப் போனது. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவன் பட்டன்களை அழுத்தி, அடுத்த துறைமுகத்தைத் தேடி வைத்துக்கொண்டான். அவள் குனிந்து பார்க்கும்போது அவன் அசையாமல் நிற்பான். அவள் தலைமுடியில் சோப்பும் இஞ்சியும் மணக்கும். அவள் பார்த்தது அந்தச் சின்னத் திரையை. அதற்குள் ஒரு மனிதர் தூங்கினார், எழுந்தார், அடுப்பு மூட்டினார். அதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. இருந்தும் அந்தக் கொஞ்ச நேரத்துக்காகவே மீதி நாளை ஓட்டினான்.

சில நாள் கப்பலிலிருந்து அழைப்பே வராது. அப்போது அவள் கேட்பாள், “நடுக்கடலுக்கு நேரம் உண்டாண்ணே?”

“கப்பலுக்குன்னு ஒரு நேரம் இருக்கும்மா. அவர் நல்லாதான் இருப்பார்.”

அக்கா மோப்பம் பிடித்துவிட்டாள். ஒருநாள் சாப்பாட்டின்போது நேராகவே கேட்டாள். “கல்யாணமானவளாடா?”

“ஆமாக்கா.”

“அப்புறம் என்ன?”

“என்ன இருக்கு? மணி சொல்றேன். அவ்வளவுதான்.”

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அக்கா அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் பரிமாறிவிட்டு எழுந்து போனாள்.

ஒரு காலையில் கேன்டீன் கதவைத் திறந்தவர் ஒல்லியான ஓர் ஆள். தரை ஆடுவதுபோலக் காலை அகட்டி வைத்து நடந்து வந்து, அவன் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதான் வாட்ச் அண்ணனா! ஃபோன் பண்ணினாலே உங்க பேச்சுதான். ‘இப்ப நீங்க தூங்குற நேரம்னு அண்ணன் சொன்னார்’னு சொல்றதுக்காகவே என்னை எழுப்பிவிடுவா!”

அவரை வெறுத்துவிடலாம் என்று அவன் பல நாள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தான். அந்தப் பிடிக்குள் அது ஒன்றுக்கும் உதவவில்லை. கடிகாரத்தைக் கழற்றிப் பார்க்கக் கொடுத்தான். அந்த மனிதர் வாசலுக்கும் அடுப்புக்கும் நடந்து நடந்து திசை பார்த்தார். “எங்க கேப்டன்கிட்டகூட இது இல்ல!” அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் முழுக்கக் கணவர் மேல் இருந்தது.

அவர் திரும்பக் கப்பல் ஏறவில்லை. அந்த மருத்துவமனையிலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டார். “வாங்கண்ணே, ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க,” என்று அவள் அன்பாகத்தான் கூப்பிட்டாள். ஆனால் நேரம் கேட்க அவளுக்கு எந்த ஊரும் மிச்சமில்லை. தட்டுகளை இறக்கிய பிறகும் அவன் கொஞ்சம் நின்று பார்ப்பான். பிறகு காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்புவான்.

மழைக்காலம் முடிந்ததும் மேற்பார்வையாளரிடம் அவனே கேட்டு வேறு பாதைக்கு மாறிக்கொண்டான். ஆற்றுக்கு அந்தப் பக்கம், பள்ளிகளும் விடுதிகளும் இருக்கும் பாதை.

“தையல் சொல்லிக்கொடுக்கிற ஒரு பொண்ணு இருக்கா,” என்று அக்கா ஒருநாள் ஆரம்பித்தாள். “புருஷன் தவறிட்டார். அவங்க வீட்டுல உன்னைப் பத்தி விசாரிச்சாங்க.”

“பாக்கலாம்க்கா.”

அக்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். “நிஜமாவா?”

“பாக்கலாம்னுதானே சொன்னேன்.”

சாயங்காலம் முடி வெட்டிக்கொள்ளப் போனான். “எப்படி வெட்டணும் சார்?” என்றார் முடி திருத்துபவர். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறதோ அப்படி என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடினான். மூடியதும் ஆவி படிந்த ஜன்னலும், மாவு ஒட்டிய மேடையும், அதன்மேல் குனிகிற ஒரு தலையும் தெரிந்தன. அவன் கண்ணைத் திறக்கவில்லை. தெரியட்டும் என்று இருந்துவிட்டான்.