பதினான்காம் எண் ரிவால்வர்

அன்று டீக் பண்ணையின் சரளைக்கல் குழியில் இருந்தவர்கள் ஆறு பேர். பண்ணைக்குச் சொந்தக்காரரும், இருபத்தைந்து வருடம் ஷெரிஃப் அலுவலகத்தில் டெபுடியாக இருந்து ஓய்வு பெற்றவருமான ஹார்லன் டீக். அவருடைய அக்கா ஆர்டித். அவருடைய ஒரே மகள் கொரின். கொரினின் கணவன் லைல் வான்ஹூசர். ஹார்லனோடு ஒரே ரோந்துக் காரில் பதினெட்டு வருடம் உட்கார்ந்த டேல் புரூயிட், சக்கர நாற்காலியில். டேலைக் கவனித்துக்கொள்ளும் மகள் நடீன். வேறு யாரும் இல்லை. தானும் இருந்ததாக இன்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

செப்டம்பரின் முதல் ஞாயிறு. தேவாலயத்திலிருந்து வந்து, உருளைக்கிழங்கு சாலட்டும் குளிர்ந்த கோழி வறுவலும் சாப்பிட்டுவிட்டு, குழியில் இறங்கிக் காகிதத் தட்டைக் குறிவைத்துச் சுடுவது டீக் குடும்பத்தின் வழக்கம். ஹார்லனின் தாத்தா தொடங்கி வைத்தது. "டீக் கை ஆடாது" என்று மிசௌரி மாநிலத்தின் அந்தப் பக்கத்தில் நான்கு ஊரிலும் சொல்வார்கள். எழுபத்து நான்கு வயதில் ஹார்லனுக்கு நிலம் பாதி போயிருந்தது, மனைவி போயிருந்தாள். அந்த வார்த்தை மட்டும் போகவில்லை. அதை அவர் தன் தொப்பியைப் போலவே நேராக வைத்துக்கொண்டிருந்தார்.

அவர் சுடுவது இருபத்திரண்டு காலிபர் சிறு துப்பாக்கியில். தும்மல் அளவுகூட உதைக்காது. பெரியதில் ஏன் சுடுவதில்லை என்று யாராவது கேட்டால், தோட்டாவை வீணாக்குவது தனக்குப் பிடிக்காது என்பார்.

லைல் அப்படியில்லை. மரச்சாமான் தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். முந்நூறு டாலருக்குக் குறைந்த பழைய கைத்துப்பாக்கி எங்கே விற்பனைக்கு இருந்தாலும் சனிக்கிழமை அங்கே நிற்பான். அடகுக்கடை, கண்காட்சியின் கடைசி மேசை, செத்துப்போனவர் வீட்டு ஏலம், எதையும் விடமாட்டான். வெளியே சாயம் போனதைப் பற்றிக் கவலைப்படமாட்டான். குழலுக்குள் வெள்ளைக் காகிதத்தை வைத்து வெளிச்சம் பார்ப்பான், தோட்டா உருளையை விரலால் ஆட்டிப் பார்ப்பான், தோட்டாவை அடிக்கும் குதிரை விழும் சத்தத்தைக் காதருகே வைத்துக் கேட்பான். இருபது வருடம் உறையில் கிடந்து தேய்ந்த போலீஸ் துப்பாக்கி என்றால் அவனுக்கு உயிர். நிறைய சுமந்திருப்பார்கள், கொஞ்சம்தான் சுட்டிருப்பார்கள் என்பான். அப்படிப் பதினொன்று சேர்த்திருந்தான். மாமனாருக்கு அந்தப் பதினொன்றும் பதினொரு அவமானம்.

அன்று லைல் துணிப்பையை அவிழ்க்கும்போதே ஹார்லன் தொடங்கினார்.

"அடகுக்கடை மாப்ள வந்தாச்சு. இந்தத் தடவை யார் வீட்டுக் குப்பைத்தொட்டி?"

"கண்காட்சில புடிச்சேன் மாமா. இருநூத்து நாப்பது. கோணலா சுடுதுன்னு தள்ளி விட்டுட்டான்."

"கோணல்னு தெரிஞ்சே வாங்கினியா?" என்றாள் ஆர்டித், கோழிக்காலைக் கடித்தபடி. "கொரினு, உன்னையும் இவன் இப்படித்தாண்டி எடுத்திருப்பான்."

எல்லோரும் சிரித்தார்கள். லைலும் சிரித்தான். பதினாறு வருடமாக அவன் அந்த மேசையில் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறான். பிறகு துணியை விலக்கினான்.

நான்கு அங்குலக் குழல், ஆறு தோட்டா, முப்பத்தெட்டு காலிபர் ரிவால்வர். நுனியில் கறுப்பு போய் எஃகு வெளுத்திருந்தது. ஹார்லன் அதைக் கையில் வாங்கவில்லை. வாங்கவேண்டிய தேவையும் இல்லை. கைப்பிடியின் இடது பக்க மரத்தில் இருந்த பள்ளத்தை அவருக்குத் தெரியும். ரோந்துக் காரின் கதவு இடித்து விழுந்த பள்ளம் அது. அலுவலகம் புது பிஸ்டல்களுக்கு மாறியபோது பழையவற்றை உருக்கிவிடுவார்கள் என்று யாரோ சொன்னார்கள். இருபத்திரண்டு வருடமாக அதை அவர் நம்பியிருந்தார்.

லைல் காது மூடியை மாட்டிக்கொண்டு, பதினைந்து கஜத்தில் தட்டை நிறுத்தி ஆறு முறை சுட்டான். ஆறும் கறுப்பு வட்டத்துக்கு ஒரு சாண் மேலே, காப்பிக் கோப்பை மூடியால் மறைத்துவிடும் நெருக்கத்தில் விழுந்தன.

"பாத்தீங்களா? கை ஆடலைன்னா சரியா ஒரு சாண் மேல போகுது."

"ஏன் அப்படி?" என்று கேட்டாள் நடீன்.

லைல் குழல் நுனியைக் காட்டினான். குறி பார்க்க நிற்கும் சிறு தகடு அங்கே ஒரு அரிசி கனத்துக்கு அராவப்பட்டிருந்தது. "துப்பாக்கி கோணல் இல்ல நடீன். வெச்சிருந்தவன் கோணல். சத்தத்துக்கும் உதைக்கும் பயந்தவன், விசையை அழுத்துறப்பவே கையைக் கீழ தள்ளிடுவான். குண்டு கீழ போகும். தன் மேல தப்புன்னு ஒத்துக்குவானா? அரத்தை எடுத்து தகட்டைத் தேய்ப்பான். தேய்ச்சா குண்டு மேல ஏறும். அவன் கீழ தள்ளுறதும் இது மேல ஏத்துறதும் சரியாப் போயிடும். அவன் கையில மட்டும் இது நேரா சுடும்."

"அப்போ கோழைக்கு அளவெடுத்துத் தச்ச சட்டைன்னு சொல்லு," என்றாள் ஆர்டித்.

"அதேதான் அத்தை."

"டமார்னா கண்ணை மூடிக்கிற போலீஸ்காரனா!" கொரினுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "திருடன் வந்தா காதைப் பொத்திக்குவானோ?"

ஹார்லன் ஐஸ் டீயைக் குடித்தார். தம்ளரைக் கீழே வைக்கும்போது சத்தம் வராமல் வைத்தார்.

"நம்ம ஷெரிஃப் ஆபீஸ்து மாமா," என்றான் லைல். "முத்திரை இருக்கு. கைப்பிடிக்கு அடியில பதினாலுன்னு அடிச்சிருக்கு. பதினாலு யாரோடது?"

நான்கு பேரும் பழைய டெபுடிகள் இருவரையும் பார்த்தார்கள்.

பதினாலு ஹார்லனுடையது. ஒரு மார்ச் மாதத்து மதியம், டேலின் கொட்டகையில், டேலின் அரத்தால், டேல் அதைப் பட்டறை இடுக்கியில் இறுக்கிப் பிடித்திருக்க, ஹார்லன் அந்தத் தகட்டைத் தேய்த்தார். அதற்கு முன்பு நான்கு வருடம், வருடாந்திரத் துப்பாக்கிச் சுடும் தேர்வில் பக்கத்துத் தடத்தில் நின்ற டேல் தன் தோட்டாக்களில் பாதியை ஹார்லனின் காகிதத்தில் போட்டுக் காப்பாற்றினான். தான் மதிப்பெண் குறைந்து இரண்டு முறை திட்டு வாங்கினான். பதினெட்டு வருடத்தில் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

இப்போது டேலால் பேசவும் முடியாது. இரண்டு வருடத்துக்கு முன் வந்த வாதம் வலது பக்கத்தையும் எல்லா வார்த்தைகளையும் எடுத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தையை விட்டுவைத்தது.

"டேலோடது," என்றார் ஹார்லன்.

நடீன் தந்தையின் தாடையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. "எங்கப்பாவோடதா?"

"சொல்லக் கூடாதுன்னுதான் இத்தனை வருஷம் இருந்தேன்மா. மாப்ள தோண்டி எடுத்துட்டாரு."

"அப்பா? இது உன்னோடதா?"

"ஆமா," என்றார் டேல்.

நல்ல கையாகிய இடது கையைத் தூக்கினார். விரல் ஹார்லனை நோக்கி நீண்டது. அது நடுங்கியது, ஆனால் இறங்கவில்லை.

"காப்பி வேணுமாப்பா?"

"ஆமா."

ஹார்லனுக்குப் பின்னால் பிளாஸ்க் இருந்தது. நடீன் போய்க் காப்பியை ஊற்றி வந்து உதட்டில் வைத்தாள். டேல் குடிக்கவில்லை. சட்டையில் வழிந்தது. விரல் இன்னும் நீண்டிருந்தது. அந்த விரல் எங்கே போகிறது என்று லைல் பார்த்தான். அவன் பார்ப்பதை ஹார்லனும் பார்த்தார்.

"அடடா டேலு," என்று ஆர்டித் உரக்கச் சொன்னாள். வாதம் வந்தவர்களுக்குக் காதும் கேட்காது என்பது அவள் எண்ணம். "இத்தனை காலம் உன்னைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு என் தம்பி எப்படித்தான் உயிரோட இருந்தானோ!"

"விடுக்கா. பாவம்," என்றார் ஹார்லன்.

அந்தப் 'பாவம்' எல்லாவற்றையும் முடித்துவைத்தது. நடீன் தலையைக் குனிந்துகொண்டு காப்பிக் கறையைத் தேய்த்தாள். கொரின் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். குடும்பப் பெயர் தப்பித்தது என்று ஹார்லன் நினைத்தார்.

"நீங்க ஒரு தடவை சுடுங்களேன் மாமா," என்றான் லைல்.

"குப்பையை நான் தொடுறதில்ல."

"உங்க கைக்கும் ஒரு சாண் மேலதானே போகணும்? பாத்துடலாம்."

"சுடுங்கப்பா," என்றாள் கொரின். "டீக் கை ஆடாதுன்னு காட்டுங்க."

அந்த வார்த்தைக்குப் பிறகு ஒரு டீக் உட்கார்ந்திருக்க முடியாது. ஹார்லன் எழுந்தார். லைல் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்று தோட்டாக்களைப் போட்டு உருளையை மூடிக் கொடுத்தான்.

என்ன செய்யவேண்டும் என்று ஹார்லனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. நேராகக் குறி பார்த்தால் நடுவில் விழும். நடுவில் விழுந்தால் அது அவருக்கு அளவெடுத்த சட்டை. ஒரு சாண் மேலே குறிவைக்க வேண்டும். வேண்டுமென்றே தவறவிட வேண்டும். ஆறு முறை தவறவிட்டால் போதும்.

முதல் குண்டு தட்டின் மேல் விளிம்பைக் கிழித்தது. சரியாக ஒரு சாண்.

"என்னடா ஹார்லன், தட்டை விட்டுட்டு மேகத்தையா சுடுற?" என்றாள் ஆர்டித்.

நடீன் சிரித்துவிட்டாள். நொந்துபோயிருந்தவளின் சின்னச் சிரிப்புதான். ஆர்டித் சிரித்ததை ஹார்லன் தாங்கியிருப்பார். ஒரு புரூயிட், தன் குழியில், தன் தாத்தாவின் குழியில், டீக் ஒருவன் தவறவிட்டதைப் பார்த்துச் சிரிப்பதை அவரால் தாங்க முடியவில்லை. புத்தி வேண்டாம் என்றது. கழுத்து விறைத்தது. அவர் கறுப்பு வட்டத்தின் நடுவிலேயே குறி பார்த்தார்.

இரண்டாவது குண்டு நடுவில் விழுந்தது. மூன்றாவதும் நான்காவதும் அப்படியே.

"அதான் எங்கப்பா!" கொரின் கைதட்டினாள்.

ஐந்தாவது முறை சத்தம் வரவில்லை. குதிரை விழுந்து 'டிக்' என்றது. உதை இல்லாத துப்பாக்கி நின்ற இடத்தில் நிற்கவேண்டும். அது நிற்கவில்லை. கோழி கொத்துவதுபோலக் கீழே பாய்ந்து குழல் தரையைப் பார்த்தது. ஹார்லனின் தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. வராத சத்தத்துக்காக அவர் அப்படியே காத்துக்கொண்டு நின்றார். அவர் கண்ணைத் திறந்தபோது ஐந்து பேரும் அவரைப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"ஒண்ணு சுட்டுத் தீர்ந்த வெத்துக் கூடு மாமா," என்றான் லைல். "எப்படியோ கலந்துருச்சு."

கொரினின் கைகள் தட்டிய நிலையிலேயே நின்றன. ஆர்டித் கோழிக்காலைத் தட்டில் வைத்தாள்.

நடீன் பேசத் தொடங்கிய நாள் முதல் ஹார்லனை அங்கிள் என்று கூப்பிட்டவள். "மிஸ்டர் டீக்," என்றாள். "பதினாலு யாரோடது?"

இந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஹார்லனுக்கு அந்த வார்த்தை தெரியும். அதைச் சொன்னால் தாத்தா முதல் தான் வரை மூன்று தலைமுறை அந்தக் குழியில் மண்டியிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"உங்கப்பாவே ஆமான்னாரே. நீதானே கேட்டே."

"எங்கப்பாகிட்ட நீ செத்துட்டியான்னு கேட்டாலும் ஆமான்னுதான் சொல்வாரு." நடீன் குனிந்தாள். "அப்பா, ஹார்லன் டீக் யோக்கியனா?"

"ஆமா," என்றார் டேல்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். சரளையில் சக்கரம் புதைந்தது. ஹார்லன் நகரவில்லை. லைல்தான் போய் முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுத்தான். மேட்டில் ஏறும்வரை டேலின் இடது கை நாற்காலிக்கு வெளியே பின்பக்கமாக நீண்டிருந்தது.

லைல் திரும்பி வந்தபோது ஹார்லன் ரிவால்வரைப் பிடித்தபடி இருந்தார். "என்ன வேணும் இதுக்கு?"

"விக்கிறதுக்கு இல்ல மாமா." அவன் அதை அவர் விரல்களிலிருந்து மெதுவாகப் பிரித்து எடுத்துக்கொண்டான். "பன்னெண்டாவது."

கிறிஸ்துமஸ் அன்று சாப்பாட்டு மேசையில் சிவப்புத் தாள் சுற்றிய ஒரு பெட்டி ஹார்லனின் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. உள்ளே பதினாலு. நுனியில் புதுத் தகடு, லைல் தொழிற்சாலை லேத்தில் தானே கடைந்து பொருத்தியது, சரியான உயரத்தில்.

"சரி பண்ணிட்டேன் மாமா. நேரா சுடுறவங்களுக்கு இப்ப நேரா போகும்."

பன்றித் தொடைக் கறியை வெட்டிக்கொண்டிருந்த கொரின் கத்தியை நிறுத்தவில்லை. ஆர்டித், "நல்ல பரிசு," என்றாள். ஹார்லன் நன்றி சொன்னார். பரிசு கொடுத்தவருக்கு நன்றி சொல்லாமல் ஒரு டீக் மேசையை விட்டு எழுந்ததில்லை.

பிப்ரவரியில் டேல் இறந்தார். சவப்பெட்டியைச் சுமக்கப் பழைய டெபுடிகள் ஆறு பேரை நடீன் அழைத்தாள். உயிரோடு இருந்தவர்கள் ஏழு பேர். ஹார்லன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியே, காருக்குள் உட்கார்ந்திருந்தார். யாரும் வந்து கண்ணாடியைத் தட்டவில்லை. அடுத்த செப்டம்பரில் குழியில் யாரும் தட்டு நிறுத்தவில்லை. அதற்கு அடுத்த செப்டம்பரிலும் இல்லை.

பார்வை மங்கிப்போனதால்தான் ஹார்லன் டீக் சுடுவதை நிறுத்தினார் என்று இன்றும் அந்த ஊரில் சொல்கிறார்கள். கொரின்தான் அப்படிச் சொல்லி வைத்தாள். அது உண்மையல்ல. அவருடைய பார்வையில் கடைசிவரை ஒரு குறையும் இல்லை.